மூன்று துறைகளும் ஒரு மூக்குப்பேணியும்

ஆராய்ச்சியாளன் ஒருவனுடைய வாழ்நாட் பணியை அளப்பதற்கு இக்காலத்தில் ஒரு பட்டியலே போதுமானதாகக் கருதப்படுகின்றது. எத்தனை கட்டுரைகள், எந்தெந்தச் சஞ்சிகைகள், எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையிறுத்துவிட்டால் அவனுடைய கதை முடிந்துவிடுகின்றது. ஓய்வு பெறும் காலம் நெருங்கியமையால், சென்ற ஆண்டு நானும் எனது பட்டியலை ஆயத்தஞ் செய்ய வேண்டியதாயிற்று. மானிப்பாயிலுள்ள எமது வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கட்டுரைகளைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கினேன். சுவாசநோய் மருத்துவம் 11, மூலக்கூற்று உயிரியல் 17, இரசாயனம் 13, ஆக 41.

அருகே சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மா அவ்வடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதெல்லாம் நீ எழுதினதோ தம்பி?"

"ஓமம்மா."

"என்னத்தைப் பற்றி?"

"கூடுதலாக் கசத்தைப் பற்றித்தான்."

அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அது எனக்கு வந்த வருத்தமெல்லே. எனக்கொருக்கா வாசிச்சுக் காட்டன்" என்றார்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்றேன். "அப்ப சரி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த "அப்ப சரி"யே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

அம்மாவுக்குக் கசநோய் கண்டது 1961 இல். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது; அக்காவுக்கு எட்டு மாதம். நோய் உறுதியான கிழமையே குழந்தையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு மருத்துவமனைக்குச் சென்றவர், ஓராண்டின் பின்னரே திரும்பினார். திரும்பிய அன்று அக்கா அவரைக் கண்டு அழுது அம்மம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாளாம். ஸ்ரெப்ரோமைசின் ஊசி நோயைப் போக்கியது. ஆயின் ஒரு காதில் ஓயாத இரைச்சலையும் விட்டுச்சென்றது. வீட்டில் அம்மாவுக்கெனத் தனிக் கோப்பையும் தனி மூக்குப்பேணியும் ஒதுக்கப்பட்டன. அவை அடுக்களைக்குள் வருவதில்லை. மாலின் மூலையிலிருந்த ஒரு பலகைத் தட்டே அவற்றின் இடம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கென்றே நம் முன்னோர் ஆக்கிய பாத்திரம் மூக்குப்பேணி. அதனையும் அம்மாவுக்கெனத் தனியாக வைத்தனர். அம்மம்மா மறைந்த பின்னரும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், அம்மா அந்தப் பேணியையே கொண்டு சென்றார், அதிலேயே குடித்தார். ஒதுக்கியோர் போய்விட்டனர், ஒதுக்கம் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

நான் இத்துறையைத் தேர்ந்ததற்கு அந்தப் பேணியே காரணம் என்று சொல்லிக்கொள்வதுண்டு. மூன்று துறைகளில் அலைந்திருக்கிறேனே என்று நண்பர்கள் கேலி செய்வர். உண்மையில் நோய் துறை பார்த்து வருவதில்லை. ஸ்ரெப்ரோமைசினின் வரலாறே இதற்குச் சான்று. 1943 இல் அமெரிக்காவிலே மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. அது நுண்ணுயிரியலும் இரசாயனமும் சேர்ந்த பணி. 1948 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பரிசோதனை முடிவு சுவாசநோய் மருத்துவத்தைச் சார்ந்தது. படுக்கையோய்வுடன் இம்மருந்தும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் இறந்தோர் நால்வர்; ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் மருந்தைத் தனியே கொடுத்தபோது, அதற்கு அடங்காத கிருமிகள் விரைவிலே தலையெடுத்தன. அதன் காரணத்தைத் தேடியவர்கள் மூலக்கூற்று உயிரியலுக்குள் நுழைய நேர்ந்தது. கலத்தினுள்ளே புரதத்தை ஆக்கும் இறைபோசோமில் இம்மருந்து ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் குழப்புகின்றது. அவ்விறைபோசோமின் ஒரு புரதத்தில் ஓர் அமினோவமிலம் மாறினாலே மருந்தின் பிடி நழுவிவிடும். மருந்து எவ்விடத்தில் எவ்வாறு அமர்கின்றது என்பதை 2000 ஆம் ஆண்டில் கண்முன் காட்டியது சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் குழு. அவர் கலாநிதிப் பட்டம் பெற்றது பௌதிகத்தில், ஆராய்ந்தது உயிரியலில், இறைபோசோம் ஆய்வுக்காக 2009 இல் இருவருடன் பகிர்ந்து பெற்ற நொபெல் பரிசோ இரசாயனத்திற்கு உரியது. இத்தகையோரை எந்த அடுக்கில் வைப்பது?

எனவே துறைகளுக்கிடையே உள்ள வேலிகளைத் தாண்டுவது அத்துணை அரிதன்று. எனது நாற்பத்தொரு கட்டுரைகளும் தாண்டாத வேலி வேறொன்று. அதனை எனக்கு உணர்த்தியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

1956 இல் சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. வாலஸ் பொக்ஸ் என்பாரின் வழிகாட்டலில் அங்கு ஓர் எளிய வினா எழுப்பப்பட்டது: கசநோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்து நோயகத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா? நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நோயகத்தில்; மறுபிரிவினர் தத்தம் வீட்டில். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தோருக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, இருப்பிடம் நெருக்கம். இருந்தும் குணமடைவதில் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. சிகிச்சை தொடங்கு முன்னரே தொற்றும் ஆபத்துப் பெரிது. தக்க மருந்து உட்கொள்ளத் தொடங்கிய பின் அது விரைவாகத் தணிந்துவிடும். இம்முடிவு 1959 இல் வெளிவந்தது. நோய் பரவுவது காற்றினால். கோப்பையாலும் பேணியாலும் அன்று என்பது அதற்கு முன்னரே மருத்துவர் அறிந்தது.

1959 இல் வெளிவந்த முடிவு 1961 இல் எங்கள் ஊரை எட்டாமற் போனதற்கு எவரையும் குறைசொல்ல நான் விரும்பவில்லை. புதிய முடிவொன்று நடைமுறையாவதற்குக் காலம் வேண்டும். ஆனால் நான் அதனை மாணவனாக இருந்த நாளிலேயே படித்தவன். எனது கட்டுரைகள் மூன்றின் முன்னுரையில் அதனை மேற்கோள் காட்டியவன். அம்மாவுக்கு ஒரு நாளேனும் அதைச் சொன்னதில்லை. தமிழ் பேசும் நோயாளரின் மூச்சிலிருந்து பிறந்த அறிவு ஆங்கிலமாகி உலகைச் சுற்றி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மேசையிலிருந்து மாலின் மூலைக்கு இருந்த பத்தடி தூரத்தைக் கடக்கவில்லை.

இதை மானிப்பாயான் ஒருவன் செய்தது இரட்டை வெட்கம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நிறுவிய சாமுவேல் பிஸ்க் கிறீனை இவ்விதழின் வாசகர் அறிவர். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வதையும், கிராமங்கள் மருத்துவரின்றி இருப்பதையும் கண்ட அவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அவரும் அவர்தம் மாணவரும் ஆக்கிய நூல்களின் நிரலைப் பாருங்கள்: 1867 இல் 'இரணவைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்', 1883 இல் 'மனுஷ சுகரணம்'. அறுவை மருத்துவம், உடலமைப்பு, இரசாயனம், உடற்றொழில் என இவையும் ஒருவரின் முயற்சியாற் பல துறைகளில் விளைந்தவையே. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884 இல் மறையும் வரை அவர் இப்பணியைக் கைவிடவில்லை. 'கெமிஸ்தம்' என்னும் சொல் இன்று நமக்கு நகைப்பூட்டலாம். ஆனால் சொல் கிடைக்கும் வரை காத்திராமல், கிடைத்த சொல்லைக்கொண்டு பணியைத் தொடங்கிய துணிவு அதனுள் இருக்கின்றது. கலைச்சொற்களை வரிசை வரிசையாக ஆக்கி வைத்திருக்கும் நமக்கு அத்துணிவு குறைந்துவிட்டது.

நான் செய்தது மிகச் சிறிது. எனது ஆய்வுகளின் சாரத்தையும் சென்னை ஆய்வின் முடிவையும் இரண்டு பக்கங்களில் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு ஒன்பது நாட்கள் சென்றன. சொல் இல்லாமையால் அன்று; ஆங்கிலத்தில் நான் விளங்கிக்கொண்டதாக எண்ணியிருந்த பல, தமிழில் எழுத முற்பட்டபோது எனக்கே விளங்கவில்லை. எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்தேன். "மருந்தெதிர்ப்புடைய பற்றீரியா" என்றதும் கையை உயர்த்தினார். விளக்கினேன். "மருந்துக்கு மசியாத கிருமி எண்டு எழுதன்" என்றார். அவ்வாறே திருத்தினேன், அதனிலும் நல்ல சொல்லை நான் இன்னும் அறியேன்.

சென்னை ஆய்வைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"எந்த வருஷம் எண்டாய்?"

"ஐம்பத்தொன்பது."

"நான் போனது அறுபத்தொண்டிலை."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையும் தேத்தண்ணி அந்தப் பேணியிலேயே ஊற்றப்பட்டது. அறுபது ஆண்டு வழக்கத்தை இரண்டு பக்கத் தாள் மாற்றிவிடும் என நான் எதிர்பார்க்கவில்லை. அம்மம்மா இருந்த காலத்தில் வாசித்திருந்தால் ஒருவேளை மாறியிருக்கலாம். ஆனால் தேத்தண்ணி குடித்த பின், பேணியை மாலின் மூலைக்குக் கொண்டுபோகாமல் என் கோப்பையின் அருகில் வைத்துவிட்டுப் போனார். மறதியோ, மனமறிந்ததோ, நான் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதாதீர்கள் என்று நான் சொல்லேன்; உலகுடன் பேச அது வேண்டும். ஆயின் ஆய்வேடு ஒன்றை எழுதி முடித்ததும், அதன் பயனுக்கு உரியவர் யாரோ அவருக்கென இரண்டு பக்கம் தமிழில் எழுதுங்கள். எழுதியதை அவர் காது கேட்கும் காலத்திலே வாசித்துக் காட்டுங்கள்.

அந்த இரண்டு பக்கங்களையும் எனது பட்டியலில் நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்திருக்கிறேன். எத்துறையில் அடக்குவதென்று தெரியாமையால் துறையின் பெயர் இடவில்லை.