ஒட்டுப் போர்வை

அரபு மொழியில் ‘ரபீஉ’ என்றால் வசந்தம். ஹிஜ்ரி ஆண்டின் மூன்றாம், நான்காம் திங்கள்கள் இரண்டும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆயினும் பிறை ஆண்டுக்கு நாட்கள் 354. கதிரவன் ஆண்டைக் காட்டிலும் 11 நாள் குறைவு. ஆகவே வசந்தத்தின் பெயர் பூண்ட திங்கள் சில ஆண்டுகளில் அடைமழையிலும் சில ஆண்டுகளில் கடுங்கோடையிலும் வந்து சேரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கும். இதனைக் கரும்பலகையில் வட்டம் போட்டு மாணவர்க்கு விளக்குகையில் நமக்குள் ஒரு பெருமிதம் எழுவதுண்டு. அந்த வட்டம் நம் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை நெடுங்காலம் நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

மதரஸாவின் ஆண்டு விடுமுறை ஷஃபானின் பிற்பகுதியில் தொடங்கி ஷவ்வாலில் முடியும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ சித்திரை வெயிலுக்கு மூடுவது. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்தது 1991ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேயே இரண்டு விடுமுறைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின. நம் மூத்த மகள் பிறந்ததும் அவ்வாண்டில்தான்.

1997இல் அவளுக்கு ஆறு வயது. நீலகிரி மலை இரயிலின் படமொன்றை எங்கோ பார்த்துவிட்டு வந்து, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுமாமே, அது மெய்யா என்று கேட்டாள். மெய்தான் என்றோம். அப்படியானால் நாமும் போவோம் என்றாள். அடுத்த விடுமுறையில் பார்ப்போம் என்று சொன்னோம். அதே மாதத்தில் நம் துணைவியார் ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மலைக்குளிரைத் தாங்க வேண்டுமே என்பது அவருடைய கவலை.

நம் வீட்டில் அதற்கு ‘ஒட்டுப் போர்வை’ என்று பெயர். பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடுப்புகளைத் தையல் பிரித்து, நைந்த இடங்களை விலக்கி, நல்ல துணியைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து ஒன்றோடொன்று இணைப்பது மேற்பக்கம். பழைய நூல்சேலை இரண்டை மடித்துப் பரப்புவது நடுப்பக்கம். நம்முடைய வெளுத்துப்போன கைலிகள் அடிப்பக்கம். மூன்றையும் சேர்த்துப் பிடித்து, விரற்கடை இடைவெளியில் நெடுகிலும் நூலோட்டித் தைக்க வேண்டும். நடுத்துணி சுருண்டுவிடாமல் காப்பது அந்த நூலோட்டமே. புதுத்துணி இதற்கு உதவாது. அது முரடாயிருக்கும், துவைத்தால் சுருங்கும். பலமுறை துவைத்து மென்மையாகிப்போன துணிக்கே இந்தத் தகுதி உண்டு. மகளின் முதற் பள்ளிச் சீருடை அதில் சேர்ந்தது. மகனுக்குக் கத்னா செய்தபோது அணிவித்த சட்டை சேர்ந்தது. கடைக்குட்டியின் பெருநாள் பாவாடை, அது மிக விரைவிலே சிறுத்துப்போய்விட்டது, அதுவும் சேர்ந்தது.

நாம் அருகிலமர்ந்து சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருப்போம். ‘ருக்ஆ’ என்றால் அரபியில் ஒட்டுத்துணி. எழுதிய தாள் துண்டுக்கும் அதுவே பெயர். ‘ருக்ஆ’ என்றே ஒரு கையெழுத்து முறையும் உண்டு. ஒட்டுப்போட்ட ஆடை ‘முரக்கஃ’, அழகெழுத்துத் தாள்களை ஒட்டிச் சேர்த்த ஏடும் ‘முரக்கஃ’ என்றெல்லாம் விரித்துரைப்போம். அண்ணல் நபியவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்னும் அன்னை ஆயிஷா அவர்களின் அறிவிப்பையும் எடுத்துச் சொல்வோம். துணைவியார் நிமிராமலே, “சொன்னது போதும், இந்த ஊசியில நூலைக் கோத்துத் தாங்களேன்” என்பார். நமக்குப் பாடத்துக்கு நேரமாகியிருக்கும்.

இப்படியே ஆண்டுகள் கழிந்தன. ஒவ்வொரு சித்திரையிலும் பிள்ளைகள் கேட்டார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் நாம் நாட்காட்டியைக் காட்டினோம். பின்னர் மூத்தவள் கேட்பதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மற்ற இருவரும் நிறுத்தினார்கள். மகன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். பெண்கள் இருவரும் மணமாகிச் சென்றார்கள். போர்வை மட்டும் அகலத்திலும் நீளத்திலும் வளர்ந்து, மரப்பெட்டியில் வேப்பிலைச் சருகோடு கிடந்தது.

2018ஆம் ஆண்டு இரண்டு விடுமுறைகளும் நன்றாகப் பொருந்தி வந்தன. ஷஃபான் மே மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. ரமளான் பிறக்கப் பத்து நாட்கள் இருந்தன. மூத்த மகள் தன் பிள்ளைகள் இருவருடன் வந்திருந்தாள். பேரனுக்கு ஆறு வயது, பேத்திக்கு நான்கு. “இப்ப என்ன காரணம் சொல்லப் போறீங்க?” என்று துணைவியார் கேட்டார். பயணம் முடிவாயிற்று.

இரவு வண்டியில் கோவை, அங்கிருந்து பேருந்தில் மேட்டுப்பாளையம். காலை ஏழு மணியளவில் மலை இரயில் புறப்பட்டது. குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் ஓடத் தொடங்கிய வண்டி அது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம் தொடங்குகின்றது. 12 அடிக்கு ஓரடி ஏற்றம் என்ற கணக்கில், எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக்கவ்வி ஏறுகின்றது. பேரன் சன்னலில் தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்து, “அப்பா, மெய்யாவே பின்னாலேர்ந்துதான் தள்ளுது!” என்று கூவினான். பாட்டனாரை அப்பா என்பது நம் பக்கத்து வழக்கு. நாம் பேரனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தோம். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதற் குகை வந்து பெட்டி இருண்டது, குழந்தைகள் கூச்சலிட்டார்கள். வெளிச்சம் வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரித்தூள் விழுந்துவிட்டது என்றாள்.

உதகையில் அன்று மாலை மழை பெய்தது. குளிர் நாம் எண்ணியதற்கு மேலாகவே இருந்தது. இரவில் துணைவியார் போர்வையை விரித்தார். பேரனையும் பேத்தியையும் படுக்கவைத்து, நடுவில் மகளையும் படுக்கச் சொல்லி, மூவரையும் சேர்த்துப் போர்த்தினார். மூன்று குழந்தைகளுக்கென்று அளவெடுத்த போர்வை அல்லவா, சரியாகவே இருந்தது. மகளின் கன்னத்தருகே அவளுடைய பள்ளிச் சீருடையின் நீலத் துண்டு கிடந்தது. அதனை விரலால் தடவிக்கொண்டே அவள் உறங்கிப்போனாள்.

“நாட்காட்டிதான் இத்தனை வருஷம் தடுத்துவிட்டது” என்று நாம் மெதுவாகச் சொன்னோம். துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு வாரம் லீவு கேட்டிருந்தா மதரஸாவுல குடுத்திருக்க மாட்டாங்களா? நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?” என்றார். கேட்டதில்லை. பாடம் நின்றுவிடும் என்பதும், உடனாசிரியர்கள் என்ன நினைப்பார்களோ என்பதும் நாமே நமக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குளிரினால் அன்று.

அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது. ரபீஉல் அவ்வல் பிறந்து ஏறத்தாழ ஒரு வாரம். வசந்தத்தின் பெயரால் வந்த மாதத்தில் நம் ஊரின் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நம் வீட்டு ஓடுகளில் பாதி பறந்தன. குடிசைகளை இழந்தவர்கள் மதரஸாக் கட்டடத்தில் வந்து தங்கினார்கள். அவர்களுள் ஒரு தாய் பிள்ளை பெற்று இருபது நாளே ஆகியிருந்தவள். குழந்தை ஈரத்துணியில் நடுங்கிற்று. மரப்பெட்டி நனையாமல் தப்பியிருந்தது. துணைவியார் போர்வையை எடுத்துச் சென்று தாயையும் சேயையும் சேர்த்துப் போர்த்திவிட்டு வந்தார். சில நாட்களில் அப்பெண் தன் தாய்வீட்டுக்குப் போனாள். போர்வையும் உடன் சென்றது. யாரேனும் அந்தப் பக்கம் போனால் கேட்டு வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டோம். “அது பிள்ளைகளைப் போர்த்தத்தானே தெச்சது” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். சற்று நேரம் அவர் வெளியே வரவில்லை.

மறு ஆண்டின் விடுமுறை கூரை வேய்வதில் கழிந்தது. 2020லும் 2021லும் கொரோனா. அதற்குப் பின் இரு விடுமுறைகளும் மறுபடி விலகத் தொடங்கிவிட்டன. இனி அவை பொருந்திவர வேண்டுமானால் நமக்கு எண்பது வயதைத் தாண்ட வேண்டும்.

இப்போது புதிய போர்வையொன்று தையலில் இருக்கின்றது. பேரப்பிள்ளைகள் ஐவரின் உடுப்புகள். துணைவியாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டபடியால் நூல் கோப்பது நம் பொறுப்பு. கடைசிச் சதுரங்களைத் தைக்கவும் கற்றுக்கொண்டோம். வரும் சித்திரையில் ஒரு வார விடுப்பு வேண்டி மதரஸா முதல்வருக்குச் சிறு தாளில் விண்ணப்பம் எழுதி, நேற்று அஸர் தொழுகைக்குப் பின் அவரிடமே கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்து, இதற்கு எழுத்து வேறு வேண்டுமா என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது துணைவியார் நம் தையலைக் கையில் வைத்திருந்தார். இரண்டு வரிசை கோணியிருக்கின்றது என்று சொல்லிப் பிரித்துக்கொண்டிருந்தார்.