ஒன்பதால் வகுபடும் தப்புகள்

அக்கவுண்ட்ஸ் பாடம் எடுக்கப் போறேன்னு பயந்து ஓடிடாதீங்க. இது எங்கம்மா கதை.

தம்பி ஏழாவது படிக்கிறான். மூணாவதுலயே எழுத்துக்கூட்டத் திணறினான். 'கொடி'ன்னு எழுதச் சொன்னா முதல்ல 'க' போட்டுட்டு, கொம்பை எங்க வைக்கிறதுன்னு முழிப்பான். யோசிச்சா அவன் மேல தப்பே இல்லை. காதுக்கு 'க்' முதல்ல, 'ஒ' அப்புறம். எழுதும்போது கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. நமக்கெல்லாம் இது எப்படிப் பழகுச்சுன்னுதான் ஆச்சரியமா இருக்கு.

அம்மாவுக்கு அப்போ இதெல்லாம் தெரியாது. "அக்கா படிக்கலையா, உனக்கு மட்டும் என்னடா கேடு?"ன்னு கரண்டிக்காம்பால அடி. என்னைச் சொல்லிச் சொல்லியே அடிப்பாங்க. அந்தச் சங்கடம் எனக்கு இன்னும் போகலை.

போன வருஷம்தான் டெஸ்ட் பண்ணி டிஸ்லெக்சியான்னு சொன்னாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இதுவும் சேர்ந்திருக்கு, பரீட்சையில கூடுதல் நேரம் கேட்கலாம்னு நான் நெட்ல படிச்சுட்டு உற்சாகமா சொல்றேன். அம்மா காதுலயே வாங்கலை. "அப்ப நான் அடிச்சது?"ன்னு ஒரே கேள்வி. "சின்ன வயசுல நானும் இப்படித்தான்"னு அப்பா சமாதானம் சொன்னார் (குடும்பத்துல வரக்கூடியதுதான்). அதுக்கு அவருக்குக் கிடைச்ச பார்வை இருக்கே... வேண்டாம், விடுங்க.

அப்புறம் ரெண்டு மாசம் அவனைப் படின்னே சொல்லலை. கேட்டதெல்லாம் செஞ்சு கொடுத்தாங்க. அவனுக்கே பிடிக்கலை. "திட்டவாவது செய்யேம்மா"ன்னான் ஒருநாள்.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா, வித்தியாசம் ஒன்பதால வகுபடுதான்னு முதல்ல பாருங்கன்னு எங்க சார் சொல்வார். 63ஐ 36ன்னு எழுதியிருந்தா வித்தியாசம் 27. எந்த ரெண்டு இலக்கம் இடம் மாறினாலும் இப்படித்தான். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சும்மா சொல்லி வெச்சேன்.

மறுநாள் காலேஜ் விட்டு வந்தா, பரண்ல இருந்து அவனோட மூணாவது கணக்கு நோட்டை இறக்கி வெச்சுக்கிட்டு அம்மா பென்சிலோட உட்கார்ந்திருக்காங்க. சிவப்பு மையில தப்பு போட்ட ஒவ்வொரு கணக்கையும் சரியான விடையோட கழிச்சு, ஒன்பதால வகுத்துப் பார்த்திருக்காங்க. 14ல 11 வகுபட்டுச்சு.

"இதெல்லாம் சரியாத்தான்டி போட்டிருக்கான்"னாங்க. அதுக்கு மேல பேச முடியலை. நானும் பையை இறக்காம அப்படியே நின்னேன்.

மீதி மூணு நிஜமாவே தப்பு. சாயங்காலம் தம்பியை உட்கார வெச்சு அந்த மூணுக்கு மட்டும் திட்டினாங்க. "மூணாவதுல போட்ட கணக்குக்கு இப்பவா?"ன்னு சிரிச்சுக்கிட்டே பென்சிலை வாங்கினான்.