எங்கள் காரின் ‘ஊம்ம்’ சத்தம்

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவியின் அக்கா அங்கே இருக்கிறார். 80 வயதைத் தாண்டிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அதனால் மாதம் ஒரு தடவை திருச்சியிலிருந்து நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். போக வர 270 கிலோமீட்டர் இருக்கும்.

விராலிமலை தாண்டியதும் மனைவி ஏதோ சொன்னாள். ‘பாட்டு’ என்று காதில் விழுந்தது. சரி, பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது என்று ரேடியோவைப் போட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ரேடியோவை அணைத்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து உரக்கச் சொன்னாள்.

“அக்காவுக்குப் பாக்கு வாங்கணும்னு சொன்னேங்க.”

“இந்தச் சத்தத்துல எப்படிம்மா கேக்கும்?” என்றேன்.

சத்தம் பொய்யில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆரம்பிக்கும். 70-ஐத் தொட்டால் ‘ஊம்ம்ம்’ என்று ஒரே சுருதியில், யாரோ பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். டவுனுக்குள் ஓட்டும்போது இருக்கிற இடமே தெரியாது.

அன்றைக்கு இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் பாக்குக்குப் பிறகு துவரங்குறிச்சி வந்தது, கொட்டாம்பட்டி வந்தது, மேலூர் வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கோபம் இல்லை. கேட்டதற்கு, “கத்திக் கத்திச் சொல்லணும், விடுங்க” என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி 43 வருடம். வீட்டில் அவளுக்கு அடுப்படி, எனக்குப் பேப்பர், சாயங்காலம் ஆனால் டிவி, நடுவில் பிள்ளைகளின் போன். நாங்கள் இரண்டு பேரும் சாவகாசமாகப் பேசிக்கொள்வது இந்த மதுரைப் பயணத்தில்தான். அவள் சின்ன வயதில் அக்காவோடு வைகையில் குளித்த கதையிலிருந்து மருமகள் அனுப்பிய புடவை வரைக்கும் எல்லாம் காரில்தான் வரும். யோசித்துப் பார்த்தால் அது ஐந்தாறு மாதமாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. இந்தச் சத்தத்தை ஒழித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் ரயில்வேயில் கேரேஜ் பிரிவில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பிளாட்பாரத்தின் ஓரத்தில் எங்கள் ஆட்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். பார்ப்பது பாதி, கேட்பது பாதி. சக்கரத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகி இருந்தால் ‘தடக் தடக்’ என்று ஒரே தாளத்தில் அடிக்கும். அந்தக் காலத்தில் நீளக் காம்பு வைத்த சுத்தியால் சக்கரத்தைத் தட்டியும் பார்ப்போம். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி சொத்தென்று கேட்கும். இப்படிக் காதை வைத்தே சோறு தின்றவனுக்கு ஒரு கார் சத்தம் எம்மாத்திரம்?

முறையாகத்தான் ஆரம்பித்தேன். சத்தம் இன்ஜினிலிருந்து வருகிறதா, சக்கரத்திலிருந்து வருகிறதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். அதிகாலையில் புறவழிச்சாலைக்குப் போய், முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் 70-ல் போகும்போது கிளட்சை மிதித்தேன். இன்ஜின் அடங்கியது, ‘ஊம்ம்’ அடங்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை. (யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் கிளட்சை மட்டும் மிதியுங்கள், சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள். பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும், ஸ்டீரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.) அடுத்தது ரோடு. புதிதாகத் தார் போட்ட வழவழப்பான இடத்திலும் ஓட்டினேன், சிமென்ட் ரோட்டிலும் ஓட்டினேன். ரோட்டின் இரைச்சல் கூடியது, குறைந்தது. ஆனால் அடியில் இருந்த சுருதி மாறவில்லை. ஆக ரோடும் இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டுதான். வீல் பேரிங், அல்லது டயர். பேரிங் என்றால் ஒரு சோதனை உண்டு. வண்டியை இடது பக்கம் மெதுவாக வளைத்தால் பாரம் வலது சக்கரங்களின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். வளைத்துப் பார்த்தேன். கூடிய மாதிரிதான் இருந்தது. வலது பக்கம், அதுவும் முன்னால் என்று என் காது அடித்துச் சொன்னது.

எங்கள் பகுதி மெக்கானிக் நல்ல பையன். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்துப் பார்த்தான். பேரிங் கெட்டிருந்தால் ஸ்பிரிங்கில் கரகரவென்று அதிர்வு தெரியும்.

“பேரிங் நல்லாத்தான் தெரியுது சார். டயரை ஒரு தடவை பாத்துட்டு...” என்று இழுத்தான்.

“தம்பி, நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் பேரிங் சத்தம் கேட்டவன்” என்றேன்.

அதற்கு மேல் அவன் என்ன சொல்வான்? பேரிங்கை மாற்றினான். கூலியோடு 3,800 ரூபாய். கழற்றிய பழைய பேரிங்கை ஒரு காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தான். வீட்டுக்கு வந்து விரலால் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. அடுத்த நாள் புறவழிச்சாலையில் 70-ஐத் தொட்டேன். ‘ஊம்ம்ம்.’

வீட்டில் இதைச் சொல்லவில்லை. “கொஞ்சம் குறைஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதபோதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

நான்கைந்து நாள் கழித்து, காலையில் போர்டிகோவைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். காரின் இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சக்கரத்தடியில் போயிருந்த சருகை எடுக்கும்போது கை பட்டிருக்கிறது.

“இங்க தடவிப் பாருங்க” என்றாள். டயரின் உள்பக்க ஓரத்தில் கையை வைத்து முன்பக்கமாகத் தடவினேன். வழவழவென்று இருந்தது. “இப்ப பின்பக்கமா.” தடவினேன். ஒவ்வொரு பட்டனும் விரலில் குத்தியது. “தேங்காய்த் துருவி மாதிரி இல்ல?”

அதேதான். டயரின் பட்டன் ஒவ்வொன்றும் ஒரு முனையில் தேய்ந்து இன்னொரு முனையில் தூக்கிக்கொண்டு, ரம்பப் பல் போல ஆகியிருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பட்டன் உயரம் ஏராளமாக இருந்ததால் டயர் நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடும்போது இந்தப் பற்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் அடிக்கின்றன. நொடிக்கு நூற்றுக்கணக்கில் அடித்தால் அது தட்டலாகக் கேட்காது, ‘ஊம்ம்’ என்றுதான் கேட்கும். வேகம் கூடினால் சுருதி ஏறுவதும் அதனால்தான்.

பாலக்கரைப் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா, முன்ன பின்ன மாத்திப் போட்டு ஓட்டிட்டு வாங்க. சத்தம் இடம் மாறுச்சுன்னா டயர்தான்” என்றார். பின்னால் இருந்ததை முன்னால் போட்டு ஓட்டினேன். தம்பூரா முன் சீட்டுக்கு வந்துவிட்டது, ஸ்டீரிங்கில்கூட லேசாகக் கையில் தெரிந்தது. காசு செலவில்லாத சோதனை. இதை முதலில் செய்திருந்தால் 3,800 ரூபாய் மிச்சம்.

அவர் சொன்னதையும் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். எங்கள் டயரில் 2316 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நம் வண்டிகள் பெரும்பாலும் போர்டிகோவில்தான் நிற்கின்றன. கிலோமீட்டர் ஏறாது, ஆனால் ரப்பருக்கு வயதாகிக்கொண்டே போகும். இறுகிய ரப்பர் மெத்தென்று இருக்காது, சத்தம் போடும். முன்பக்கம் இழுக்கிற சின்னக் கார்களில் பின்சக்கரத்துக்கு வேலையே இல்லை, சும்மா உருண்டு வருவதுதான். அதுவே இப்படி ரம்பம் போலத் தேய ஒரு காரணம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது முன் பின் மாற்ற வேண்டுமாம். நான் 38,000 ஓட்டி ஒரு தடவைகூட மாற்றவில்லை. காற்றிலும் தப்புச் செய்திருந்தேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 30 பவுண்டு என்று போட்டிருக்க, மைலேஜ் கிடைக்கும் என்று 36 பிடித்து வந்தேன். போதாததற்கு இடது பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்திருந்தது. அது சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடிக்காமல் துள்ளவிட்டிருக்கிறது.

பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி, நாலு டயரும் புதிதாகப் போட்டு, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பார்த்து முடிப்பதற்குள் ஒரு மாதப் பென்ஷனில் பெரும் பகுதி போனது. கடைக்காரர் ஒரு விஷயம் காட்டினார். புது டயரைச் சுற்றிப் பார்த்தால் பட்டன்கள் எல்லாம் ஒரே நீளமில்லை, ஒன்று கொஞ்சம் நீளம், அடுத்தது குட்டை, அப்புறம் நடுத்தரம் என்று கலந்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊதும், கலந்து வைத்தால் சத்தம் சிதறி வெறும் இரைச்சலாக அடங்கிவிடும். இத்தனை வருடம் சக்கரத்தோடு வாழ்ந்தும் இதை நான் கவனித்ததில்லை.

மார்கழியில் மதுரைக்குக் கிளம்பினோம். 70, 80, காற்றுச் சத்தம் மட்டும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விராலிமலை தாண்டியதும் மனைவி ஏதோ சொன்னாள்.

“என்ன?” என்றேன்.

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் “என்ன?” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைக் கூட்டிச் சொன்னாள். “சத்தம்தான் போயிடுச்சேங்க.”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அப்புறம் அவளே மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டில் டிவி வைக்கும் சத்தம். பேரன் போனில் பேசினால் நான் சிரித்துவிட்டுப் போனை அவளிடம் கொடுத்துவிடுவது. அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் எனக்கு மறுக்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ‘கீங்’ என்று கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் வரைபடத்தைக் காட்டினார்கள். தாழ்ந்த சுருதியில் பரவாயில்லை. மேலே போகப் போகச் சரிந்து, 4000 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் வரைபடத்தில் அந்த இடத்தில்தான் பள்ளம் விழும் என்றார் டாக்டர், வயதும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றார். வேலையில் காதுக்கு அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். போட்டுக்கொண்டால் சக்கரம் பேசுவது கேட்காது என்று நான்தான் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

எழுத்துகளில் ‘ஆ’, ‘ஊ’ எல்லாம் தாழ்ந்த சுருதி, நன்றாகக் கேட்கும். க, ச, ட, த, ப எல்லாம் மேலே இருப்பவை, அவைதான் முதலில் போகும். பாக்கும் பாட்டும் என் காதுக்கு ஒன்றாகிப் போனது அப்படித்தான். இடது காது வலது காதைவிட மந்தம் என்றும் தெரிந்தது. ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்டால் எந்தச் சத்தமும் அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகவே தோன்றுமாம். இடது பின்சக்கரத்தின் சத்தத்துக்கு வலது முன்சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றிய கதை அங்கே விளங்கியது. காரில் மனைவி உட்காருவதும் என் இடது பக்கம்தான்.

இரண்டு காதுக்கும் கருவி வாங்கியாகிவிட்டது. விலையைச் சொன்னால் டயர் கடைக்காரர் சிரிப்பார். முதல் வாரம் தலையைச் சுற்றியது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தைக் கசக்குகிற மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

மாசியில் மதுரைக்குப் போகும்போது, வண்டி தெருமுனையில் திரும்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். என்னவென்று பதறிப் பார்த்தால் இண்டிகேட்டர். அது சத்தம் போடும் என்பதே மறந்து போயிருந்தது. விராலிமலையிலிருந்து மேலூர் வரை அக்காவின் மாமியார் செய்த அழிச்சாட்டியத்தை முழுதாகச் சொன்னாள். நடுவில் நான் ஒரே ஒரு தடவைதான் “என்ன?” என்றேன்.

இப்போது பின் சீட்டுப் பக்கத்திலிருந்து ‘கிர்க் கிர்க்’ என்று புதிதாக ஒரு சத்தம் வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன்.

“அது நாலு வருஷமா இருக்குங்க” என்றாள்.