பிரம்பும் கோலும்

நீதிமொழிகள் 13:24. கிறிஸ்தவ வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இந்த நம்பரைச் சொன்னாலே உள்ளங்கை லேசா சுடும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: பிள்ளை மேல பாசம் இருக்கிற தகப்பன் பிரம்பை எடுக்கத் தயங்கமாட்டான் என்கிற மாதிரி வரும் வசனம் அது. அதே புத்தகத்தில் 22, 23ஆம் அதிகாரங்களிலும் பிரம்பு உண்டு. எல்லாம் சாலொமோன் ராஜா சொன்ன ஞானம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருவாங்க. (அந்த ராஜாவோட சொந்தப் பிள்ளை ரெகொபெயாம் எப்படி வளர்ந்தான்னு மட்டும் சொல்லித் தரமாட்டாங்க. பட்டத்துக்கு வந்த உடனே, அப்பா காலத்துச் சவுக்கு பத்தாது, நான் தேளை வச்சே தண்டிக்கிறேன்னு ஜனங்கள்கிட்ட வசனம் பேசி, ராஜ்யத்தை ரெண்டா உடைச்சவன். 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம். படிச்சுப் பாருங்க.)

பிரம்பை நம்ம ஊருக்குக் கிறிஸ்தவங்க கொண்டு வந்தாங்கன்னு நான் சொல்ல வரலை. திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே கோதண்டம் உண்டு, பையனைக் கயித்துல தொங்கவிடுற தண்டனை. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியார்கிட்ட ஒப்படைச்ச அப்பாக்களில் எல்லா சாமி கும்பிடறவங்களும் இருந்தாங்க. ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதியில எனக்கு ஒரு நண்பன் இருக்கான். காலேஜ் நாளில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு அவன் வீட்டுக்குப் போனால் காபி நிச்சயம். அவங்க அப்பாவோட ஆயுதம் மர ஸ்கேல். அடி விழுந்த அன்னிக்கு ராத்திரி அவங்க பாட்டி மகனைக் கூப்பிட்டு, "யசோதை கூட கிருஷ்ணனை உரல்லதான்டா கட்டினா, இப்படி விளாசலை"ன்னு திட்டுவாங்களாம். அப்பா தலையைக் குனிஞ்சுகிட்டு கேட்டுக்குவாராம்.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். அந்த வீட்டுல அடிச்சவரைத் திட்ட ஒரு ஆள் இருந்தாங்க. கோபத்துல அடிச்சது கோபத்துல அடிச்சதுதான். எங்க வீட்டுல அப்படி இல்லை. உறையூர்ல எங்க வீட்டு ஹாலில், அடி முடிஞ்சதும் முழங்கால் போட்டு ஜெபம். என்னைத் திருத்தினதுக்கு ஸ்தோத்திரம் என்று அழுதுகிட்டே நான் சொல்லணும். எங்க அப்பா கெட்டவர் இல்லை, கணக்கு வச்சா அவர் அடிச்சதைவிட என்னை சைக்கிள்ல வச்சு ஊர் சுத்தினதுதான் அதிகம். ஆனா வேதவசனம் நடுவுல வந்துட்டா அப்பா மேல கோபப்படக்கூட வழி கிடையாது. கோபப்பட்டா அது கர்த்தர் மேல கோபப்பட்ட மாதிரி ஆயிடும்.

இப்ப அதே ஹால்ல அண்ணன் பையன் நிக்கிறான். ஏழு வயசு. போன மாசம் லீவுல போயிருந்தப்ப சுவத்துல இருக்கிற நல்ல மேய்ப்பன் படத்தைக் காட்டி, "சித்தப்பா, யேசப்பாவும் பிரம்பு வச்சிருக்காரா?"ன்னு கேட்டான். தோள்ல ஆட்டுக்குட்டி, கையில நீளமா ஒரு கோல், அந்தப் படம்தான். "அது ஆட்டை அடிக்கிறதுக்கு இல்லடா, ஓநாயை விரட்டுறதுக்கு"ன்னேன். அவன் நம்பின மாதிரி தெரியலை.

அவன் கேட்டதில் ஒரு விஷயம் இருக்கு. எபிரெய மூலத்தில் நீதிமொழிகள் 13:24-ல் வர்ற சொல்லும், சங்கீதம் 23-ல் மேய்ப்பன் கையில் இருக்கிற சொல்லும் ஒண்ணுதான்: ஷேவெத். கோல், செங்கோல், கோத்திரம் என்று இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும். 1871-ல் ஹென்றி பவர் குழு வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழியில் வந்த பைபிளைத்தான் நாம இன்னமும் சபையில் வாசிக்கிறோம். அதில் சங்கீதத்துக்குக் "கோல்", நீதிமொழிகளுக்குப் "பிரம்பு". ஒரே சொல், மேய்ப்பன் கையில் ஆறுதல், அப்பா கையில் வாத்தியார் பிரம்பு! தப்பான மொழிபெயர்ப்புன்னு சொல்லமாட்டேன். அந்த இடத்துல அடிக்கிறதைப் பத்தித்தான் பேச்சு. ஆனா அதே புத்தகம் மூடனோட முதுகுக்கும் பிரம்புன்னு சொல்லுது, மூடன்னா வளர்ந்த ஆளு. ஆபீஸ்ல டெட்லைன் தப்பினதுக்கு என் மேனேஜர் இதை எடுத்துக் காட்டினா ஒத்துக்குவேனா? உபாகமம் 21-ல் அடங்காத மகனை ஊர் கூடி கல்லெறிஞ்சு கொல்லச் சொல்லியிருக்கு. அதை அந்தக் காலம் என்று தள்ளி வச்சிட்டோம். பிரம்பு மட்டும் எக்காலத்துக்கும் எப்படி வந்துச்சு? கைக்கு ஏற்கெனவே பழகியிருந்ததால வந்துச்சுன்னு நினைக்கிறேன்.

எங்களுடையது லுத்தரன் குடும்பம். 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினதிலிருந்து தொடங்குற பரம்பரை, சபைத் தலைமையகம் திருச்சியிலதான் இருக்கு. அதனால லுத்தர் கதையே சொல்றேன். ஒரே ஒரு கொட்டைப் பருப்புக்காக அம்மா ரத்தம் வர்ற வரைக்கும் அடிச்சாங்கன்னு மார்ட்டின் லுத்தர் வயசான காலத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்லியிருக்கார். பள்ளிக்கூடத்தில் ஒரே காலைப் பொழுதில் பதினஞ்சு தடவை அடி வாங்கினதையும் சொல்லியிருக்கார். அந்தக் கண்டிப்புதான் தன்னை மடத்துக்கு விரட்டினதுன்னும் சொன்னார். பிரம்பை வேண்டாம்னு சொன்ன ஆள் இல்லை அவர், பிரம்புக்குப் பக்கத்துல ஆப்பிளும் இருக்கணும் என்பது அவர் கட்சி. ஆனாலும் அந்தப் பருப்பை அவர் சாகுற வரைக்கும் மறக்கலை பாருங்க.

கத்தோலிக்கப் பக்கமும் இதே இழுபறிதான். 2015 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ், பிள்ளையை லேசா அடிப்பேன், ஆனா முகத்துல அடிச்சு அவமானப்படுத்தமாட்டேன்னு சொன்ன ஒரு அப்பாவைப் பாராட்டிப் பேசி வாங்கிக் கட்டிக்கிட்டார். இங்கிலாந்தில் சில கிறிஸ்தவப் பள்ளிக்காரங்களும் பெற்றோரும் அடிக்கிறது எங்க மத உரிமைன்னு கோர்ட்டுக்கே போனாங்க. 2005-ல் பிரபுக்கள் சபை முடியாதுன்னுடுச்சு. தென்னாப்பிரிக்காவில் 2019-ல் அரசியல் சாசன நீதிமன்றம் வீட்டுக்குள்ள பெற்றோர் அடிக்கிறதுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் எடுத்துடுச்சு. அங்கேயும் எதிர்த்து வாதாடினது கிறிஸ்தவ அமைப்புதான். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தில் அடிக்கிறதைத் தடை செய்தது. வீட்டுக்கு அப்படி ஒரு தடைச் சட்டம் இல்லை. ஆக, வாத்தியார் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியாச்சு, அது அப்படியே எங்க வீட்டு பீரோ மேல வந்து உட்கார்ந்துகிச்சு.

அண்ணன்கிட்ட இதையெல்லாம் பேசினேன். "அப்பா அடிச்சதாலதான்டா நான் இன்ஜினியர், நீயும் இன்ஜினியர்"ன்னான். நம்ம தெருவுல நம்மளோடவே அடி வாங்கி எட்டு அரியர் வச்சவன் பேரைச் சொன்னேன். பாஸான கேஸை மட்டும் எண்ணினா எந்த டெஸ்ட்டும் பாஸ்தானே? அடுத்து அண்ணன் எபிரெயர் 12-க்குப் போனான். கர்த்தர் நேசிக்கிறவங்களைத்தான் சிட்சிக்கிறார் என்கிற பகுதி. நான் எபேசியர் 6:4-க்குப் போனேன். அங்கே பவுல் பேசுறது அப்பாக்கள்கிட்ட, பிள்ளைங்களுக்குக் கோபம் வர்ற மாதிரி நடந்துக்காதீங்க என்று. கொலோசெயர் 3:21-ல் இன்னும் ஒரு படி மேல போய், பிள்ளைங்க மனசு உடைஞ்சிடும்னு காரணமும் சொல்றார். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வசனம் எறிஞ்சுகிட்டோம். பையன் கதவு ஓரமா நின்னு கேட்டுகிட்டிருந்தான்.

"சரி, ஐயர்கிட்ட கேப்போம்"ன்னான் அண்ணன். (எங்க சபையில குருவானவரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். "ஐயர் வீட்டுக்கு வந்து பைபிள் படிச்சார்"னு ஸ்ரீரங்கத்துல ஒரு தடவை சொல்லிட்டு, நண்பனோட பாட்டிக்கு விளக்கம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு.) ஐயர் ரொம்ப நேரம் யோசிச்சாராம். அப்புறம், "தம்பி, அடிச்சிட்டு ஜெபம் பண்றீங்களே, அடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணிப் பாருங்க"ன்னாராம். அண்ணனுக்கு அது பதிலா கிண்டலான்னு இன்னும் பிடிபடலை.

போன ஞாயித்துக்கிழமை அண்ணி போன் பண்ணியிருந்தாங்க. பையன் கணக்குல ரொம்பக் கம்மியா மார்க் எடுத்துட்டு வந்திருக்கான். அண்ணன் அவனை உட்கார வச்சு, கண்ணை மூடி ஜெபம் ஆரம்பிச்சு, நீட்டி முழக்கி, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா எதிர்ல நாற்காலி காலி. பையன் கிச்சன்ல அண்ணி பின்னாடி நின்னு தோசை சாப்பிட்டுகிட்டிருக்கான். "உங்க அண்ணன் அப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியாம அவரும் ரெண்டு தோசை சாப்பிட்டார் தம்பி"ன்னாங்க.