பச்சை பூசும் முன்

தென்னேரிக்காரனான எனக்கு நீருக்கடியில் என்ன கிடக்கிறது என்பது பெரிய கேள்வியில்லை. கோடையில் எங்கள் ஊர் ஏரி வற்றினால் இறங்கி நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் பாக் விரிகுடா வற்றாது, கலங்கல் வேறு. செயற்கைக்கோள் படத்தில் பல இடங்கள் வெறும் பழுப்பாகத்தான் தெரியும். எனவே ஒலியை அனுப்பித்தான் விசாரிக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய இந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடல்பசு மேய்வது கடற்புல்லை. அந்தப் புல் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே அற்றுப்போனது என்று தெரியாமல் எதைக் காப்பது? மல்லிப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகில் கடலடியை வரைபடமாக்கும் தொழிலை நான் பழகியது இதற்காகத்தான்.

படகோரத்தில் கம்பத்தில் கட்டிய சைடு ஸ்கேன் சோனார் இருபுறமும் ஒலியை விசிறும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 10 மீட்டர் ஆழம் போய்த் திரும்ப, நொடியில் 75-இல் ஒரு பங்கு போதும். படகை உழவுச்சால் போலக் கோடு பிசகாமல் ஓட்ட வேண்டும்; ஒரு சாலின் ஓரம் அடுத்ததன்மேல் ஏற வேண்டும். நீவாடு (நீரோட்டம்) இழுக்கும் நாளில் இது படுத்தும் பாட்டைக் கரையில் கணினிமுன் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அப்புறம், திரும்பி வரும் ஒலி திரையில் வரையும் படத்தைப் படிப்பது. கரடான தரை வெளிச்சமாக விழும், சேறு இருட்டாக. எழும்பி நிற்கும் கல்லுக்குப் பின்னால் நிழல் விழும். அதன் நீளத்தை வைத்துக் கல்லின் உயரத்தைக் கணக்கிடலாம். இழுவலைப் பலகைகள் உரசிய தடங்கள் இணைகோடுகளாகக் கிடக்கும். ஏமாற்றுவது கடற்புல்தான். அதன் இலைக்குள் இருக்கும் காற்றறைகள் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். சிப்பி ஓடு குவிந்த தரையும் அதையேதான் செய்யும். திரையில் இரண்டும் பளிச்சென்றுதான் இருக்கும்.

படகோட்டிய பெரியவர் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இங்க புல்லு இல்ல தம்பி, சிப்பி. வலை கிழியிற எடம்" என்றார். கேமராவை இறக்கினோம், சிப்பிதான். இன்னோர் இடத்தில் புல் என்றார், சேறுதான் வந்தது. "முன்னாடி இருந்துச்சு" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. அதையும் குறித்துக்கொண்டேன். சோனார் காட்டுவது இன்றைய தரையை மட்டும்; புல் அழிந்த இடத்தைச் சொல்ல அவரைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேமரா இறங்கிப் பார்க்காத பகுதியில், படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், வரைபடத்தில் புல்லைக் குறிக்கும் பச்சையை நாங்கள் பூசுவதில்லை. சாய்கோடு போட்டு, அடுத்த முறைக்கென்று விட்டுவிடுவோம்.