நிவேதனத் தட்டும் பேரனின் கிண்ணமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரில், பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகளின் ஓசை எழுந்துவிடும். ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் தெருமுனையில் காத்திருப்பர். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களை அவர்கள் அடையும் வேளையில்தான் இங்கே அவர்களுடைய குழந்தைகள் கண் விழிப்பர்.

சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு நடந்து செல்லும் தொலைவில் அத்தகைய வீடு ஒன்று உண்டு. மகன் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறார். மருமகள் மலைக்குச் செல்கிறார். ஆறு வயதுப் பேத்தியையும் இரண்டு வயதுப் பேரனையும் பேணும் பொறுப்பு அப்பத்தாவுடையது.

தாயைக் காணாமல் அழும் பிள்ளையைத் தேற்றுவதற்கு அந்த மூதாட்டி ஓர் எளிய வழியைக் கண்டிருந்தார். பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, தேநீரில் தோய்த்துக் கொடுப்பார், அழுகை நின்றுவிடும். மாலையில் பேத்தி பள்ளியிலிருந்து திரும்பியதும் காரப் பொரியல் பொட்டலம் ஒன்று. அன்பினால் செய்ததே தவிர, அதில் சோம்பல் ஏதும் இல்லை. இளமையில் தம் பிள்ளைகளுக்கு வாங்கித்தர இயலாத பண்டத்தைப் பேரக்குழந்தைகளுக்கேனும் தர முடிகிறதே என்ற நிறைவும் அவருக்கு இருந்தது.

அந்த நிறைவு ஒரு நாள் உடைந்தது. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்ப்பது வழக்கம். அட்டையில் பேரனின் எடைக் கோடு பச்சைப் பட்டையிலிருந்து மஞ்சள் பட்டைக்கு இறங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்தபோது, 11 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 9 ஆக இருந்தது. செவிலியர் குழந்தையின் கீழிமையை விலக்கிக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தது.

"என் பிள்ளையை நான் பட்டினியா போட்டேன்?" என்று அப்பத்தா கலங்கினார். அவர் முப்பது ஆண்டுகள் ஏலக்காய் தரம் பிரித்தவர். 8 மில்லிமீட்டர் பருமனுள்ள முதல்தரக் காய்களின் குவியலில் நிறம் வெளுத்த ஒரு காய் கிடந்தாலும் அவருடைய விரல் தானே அதை ஒதுக்கிவிடும். மடியில் கிடந்த பேரனின் முகம் வெளுத்ததை அந்தக் கண்கள் காணவில்லை என்பதே அவரை வாட்டியது.

செவிலியர் பொறுமையாக விளக்கினார். பிஸ்கட்டில் இருப்பவை பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும். அவை வயிற்றை அடைக்கும், இரத்தத்தை வளர்க்கா. உணவோடு சேரும் தேநீரோ, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கும். இரும்புச்சத்து மருந்தையும் குடற்புழு மருந்தையும் கொடுத்து, "மருந்து பாதி, அடுப்படி பாதி, பாட்டி" என்று அனுப்பிவைத்தார். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று.

அந்த வாரம் கிருத்திகை வந்தது. மனம் சோர்ந்திருந்தாலும் அப்பத்தா நியமம் தவறவில்லை. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே கல் நீக்கி ஊறவைத்தார். தினையை வறுத்து இடித்துத் தேன் பிசைந்தார். ஒரே ஓர் ஏலக்காயைத் தட்டி அதில் சேர்த்தார். எச்சில் படாமல், வாசனை கூட முகராமல் முருகன் படத்தின் முன் தட்டை வைத்துக் கண்களை மூடினார்.

அருகில் நின்ற பேத்தி கேட்டாள்: "அப்பத்தா, சாமிக்கு ஏன் பிஸ்கட் வைக்கல?"

"கடையில வாங்குன பொட்டலத்தையா சாமிக்கு வைப்பாக?" என்று சொல்லத் தொடங்கியவர், பாதியிலேயே வாயடைத்துப் போனார். சாமிக்கு ஆகாது என்று எண்ணிய பண்டத்தையே நாள்தோறும் பேரனுக்கு ஊட்டிவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மாலை மருமகள் திரும்பியதும் இருவரும் கணக்குப் பார்த்தனர். நாளொன்றுக்கு இருபது ரூபாய். மாதத்துக்கு 600 ரூபாய் பொட்டலங்களுக்குப் போயிருந்தது. "அத்தை, நான் குனிஞ்சு காய் எடுத்த ரெண்டு நாள் கூலி இது" என்றாள் மருமகள். குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அப்பத்தா அன்றிரவு உறங்கவில்லை.

அடுத்த மாதம் அதே 600 ரூபாய்க்குள் கேழ்வரகு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, வெல்லம் ஆகியவை வந்தன. எலுமிச்சைக்கும் வாழைப்பழத்துக்கும் மிச்சமிருந்தது. நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசியும், கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் முன்பே கிடைத்துவந்தன. கொல்லையில் முருங்கை நின்றது. அங்கன்வாடியில் தந்த சத்துமாவு டப்பாவில் தூங்கியது. குறைந்திருந்தது பணம் அன்று, கவனமே.

என்ன சமைப்பது என்பதற்கு அவர் புத்தகம் எதையும் நாடவில்லை. பண்டிகை நாட்களே வழி காட்டின. ஆடியில் அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ். சதுர்த்தியில் பிள்ளையாருக்கு எள்ளும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த கொழுக்கட்டை. நவராத்திரியில் நாளுக்கொரு சுண்டல். மார்கழித் திருவாதிரையில் களியும் பல காய்கள் சேர்ந்த கூட்டும். துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது அதே அளவு பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். நெல்லியும் எலுமிச்சையும் பயறு, கீரைகளின் இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும். முன்னோர் ஆண்டுக்கொருமுறை தெய்வத்துக்குப் படைத்ததை அப்பத்தா வாரந்தோறும் முறை வைத்துச் சமைத்தார். சிறியவனுக்குச் சுண்டலை மசித்தும், நிலக்கடலையைப் பொடித்துக் கூழில் கலந்தும் கொடுத்தார்.

எல்லாம் எளிதில் நடந்துவிடவில்லை. முதல் மூன்று நாட்கள் பேரன் கூழைத் துப்பினான். நான்காம் நாள் அவன் வீறிட்டு அழுதபோது அப்பத்தா மனம் இளகி ஒரு பொட்டலம் வாங்கிவிட்டார். மறுநாள் வேறு வழி தோன்றியது. கூழைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, முருகன் படத்தின் முன் வைத்து, பேரனின் கைகளைக் கூப்பச்செய்து, "சாமி குடிச்சாச்சு, இப்ப உனக்கு" என்றார். பிரசாதத்தை மறுக்கும் பழக்கம் அவ்வீட்டில் இல்லை. அவன் இரண்டு வாய் குடித்தான்.

பேத்தியிடமும் மாற்றம் தெரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் தமிழகம் எங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் அவள் பள்ளியிலும் பொங்கலும் உப்புமாவும் தருகிறார்கள். பிஸ்கட்டும் தேநீரும் நிறைத்த வயிற்றோடு சென்றதால் அவள் தட்டில் பாதி மிஞ்சிவந்தது. இப்போது பசியோடு செல்கிறாள், தட்டு காலியாகிறது.

ஐந்தாம் மாதம் எடைக் கோடு மீண்டும் பச்சைப் பட்டையைத் தொட்டது. செவிலியர் கீழிமையை விலக்கிப் பார்த்துத் தலையசைத்தார். மருந்தை இன்னும் சில காலம் தொடரச் சொன்னார். திருவிழா நாளில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டால் அப்பத்தா இன்றும் வாங்கித் தருகிறார், நாள்தோறும் தருவதில்லை.

விடியற்காலை ஜீப் ஒலி எழுப்புகிறது. மருமகள் தூக்குச்சட்டியுடன் படியிறங்குகிறாள். பேரன் அழத்தான் செய்கிறான். தாயைப் பிரியும் அழுகைக்கு எந்தப் பண்டமும் மருந்தில்லை என்பதை அப்பத்தா இப்போது அறிந்திருக்கிறார். அவனை இடுப்பில் ஏந்தி, ஜீப்பின் விளக்கு மலைச்சாலையில் மறையும்வரை காட்டுகிறார். பின்பு உள்ளே வந்து, அடுப்பில் ஆறிக்கொண்டிருக்கும் கூழில் ஒரு சிறு கிண்ணம் எடுத்து, முதலில் முருகனுக்கு வைக்கிறார்.