வைரியா, பெஸ்ராவா?

காட்டோரத்தில் ஒரு சிறிய வேட்டைப்பறவை இருப்பதை முதலில் சொல்வது மற்ற உயிர்கள்தான். சருகைக் கிளறிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் கூச்சலிட்டுப் புதருக்குள் பதுங்கும். அணில் மரத்தண்டோடு ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தும். அப்போது நான் தொலைநோக்கியை உடனே தூக்குவதில்லை. இலைக்கூரைக்குச் சற்றுக் கீழே, தண்டையொட்டிய கிளைகளை வெறுங்கண்ணால் துழாவுவேன். அங்கேதான் அது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கூச்சலை எழுப்பியது வேட்டைப்பறவையாகவே இல்லாமலும் போகலாம். அக்காக்குயில் சாம்பல் முதுகும் பட்டைபோட்ட வாலுமாக வைரி என்னும் சிறிய வேட்டைப்பறவையின் அச்சில் வார்த்தது போலிருக்கும், பறப்பதும் அப்படியே. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் பறவைக்கு அந்தத் தோற்றம் உதவுகிறது. அலகைப் பார்த்தால் போதும். குயிலுக்குக் கொக்கிபோல் வளைந்த அலகு கிடையாது.

ஆனைமலை அடிவாரத்தில் நான் பறவை பார்க்கக் கூட்டிப்போகும் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் குரல், "அண்ணா, பெஸ்ரா!" என்பதுதான். அவர்கள் உற்சாகம் எனக்குப் பிடிக்கும். வைரியை ஊர் மாந்தோப்பிலும் கல்லூரி வளாகத்திலும்கூடப் பார்த்துவிடலாம். அதைப் போலவே தோன்றும் பெஸ்ராவோ அடர்ந்த காட்டைவிட்டு அதிகம் வெளியே வராதது. அதனால் கண்ணில் பட்டது அபூர்வமானதாக இருக்க வேண்டுமென்று மனம் ஆசைப்படுகிறது. "தொண்டை நடுவுல கறுப்புக் கோடு இருக்கேண்ணா" என்பார்கள். இருக்கிறது. ஆனால் வைரிக்கும் அந்தக் கோடு உண்டு. வளர்ந்த பறவையில் அது மெல்லியதாக மங்கித் தெரியும்; இளம் பறவையிலோ நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு இளம் வைரியின் மார்பெல்லாம் பழுப்பு நிறத்தில் கீற்றும் துளியுமாக இருக்கும். பெஸ்ரா என்று சொல்லப்படுபவற்றில் பல, கூட்டைவிட்டு வந்து சில மாதங்களே ஆன வைரிகள்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே கோட்டோடு நிற்காமல் மார்புக்கு இறங்க வேண்டும். வளர்ந்த பெஸ்ராவின் மார்பு நடுவில் தடித்த கீற்றுகள் மேலிருந்து கீழாக ஓடும்; வயிற்றில் அவை குறுக்குப் பட்டைகளாக மாறும். வளர்ந்த வைரிக்கு மார்பிலிருந்தே இளஞ்செம்மை நிறத்தில் நெருக்கமான குறுக்குக் கோடுகள்தான். முதுகிலும் வேறுபாடு உண்டு: வைரியின் சாம்பல் வெளிறியது, பெஸ்ராவினுடையது கரும்பலகைபோல் கறுத்தது. ஆனால் காட்டு நிழலில் எல்லா முதுகும் கறுப்பாகத்தான் தெரியும். முதுகு நிறத்தை வைத்து மட்டும் நான் ஒருபோதும் முடிவு சொல்வதில்லை.

எனக்கு மிகவும் நம்பிக்கையானது வால். பறவை திரும்பி உட்காரும்வரை, அல்லது வாலை விரிக்கும்வரை காத்திருக்கலாம். பெஸ்ராவின் வாலில் கறுப்புப் பட்டைகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளிர்ப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே அகலம். வைரிக்குக் கறுப்புப் பட்டைகள் ஒடுங்கியவை. வளர்ந்த பறவையின் நடு இறகுகளில் பட்டையே இராது. இளம் பறவையிலும் இந்த அகல வேறுபாடு கைகொடுக்கும்.

அளவை நம்பிப் பயனில்லை. இந்தப் பறவைகளில் பெண்ணே பெரியது. வைரியும் பெஸ்ராவும் இரண்டுமே ஏறக்குறைய 30 முதல் 36 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பெண் வைரி ஆண் பெஸ்ராவைவிடப் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

காலை வெயில் ஏறியதும் காட்டுக்கு மேலே வட்டமிட ஒன்று எழும்பினால், இறக்கை நுனியில் விரல்போல் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ண வேண்டும். படம் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, நிதானமாக எண்ணலாம். வைரிக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து. ஆறு இருந்தால் கொண்டை உள்ள பெரிய உறவினனான கிரெஸ்டட் காஸ்ஹாக்காக இருக்கலாம். அதன் இறக்கையின் பின்விளிம்பு நன்றாகப் புடைத்திருக்கும். வாலடியில் வெள்ளை இறகுகளைப் பஞ்சாக விரித்து, இறக்கைகளைத் தாழ்த்திப் படபடவென்று நடுக்கியபடி அது தன் எல்லைக்கு மேலே பறப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு அடையாளம் தேவைப்படாது. இன்னொரு உறவினனான ஸ்பாரோஹாக்குக்கும் ஆறு விரல்தான். ஆனால் தொண்டையில் நடுக்கோடு கிடையாது.

இவை எல்லாம் நீண்ட காலம் ஒரே பேரினத்தில் இருந்தன. 2024-இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் அதைப் பிரித்தபோது வைரியும் பெஸ்ராவும் ஒன்றாக ஒரு புதிய வீட்டுக்குப் போயின. ஸ்பாரோஹாக் பழைய இடத்திலேயே நின்றது. இத்தனை நாள் நம்மைக் குழப்பிய இரண்டும் நெருங்கிய சொந்தம்தான் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

குரல் உதவுமா என்று கேட்பார்கள். வைரியின் கூரிய இரட்டை ஒலி பழகிவிட்டால் மறக்காது. ஆனால் கரிச்சான் அதே ஒலியை அச்சு அசலாக எழுப்பும். பறவையைக் கண்ணால் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து வைரி என்று நான் குறிப்பதில்லை. தொண்டை, மார்பு, வால் மூன்றில் குறைந்தது இரண்டு தெளிவாகத் தெரியாதபோது என் குறிப்பேட்டில் 'வைரி அல்லது பெஸ்ரா' என்றே எழுதி, எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். இளைஞர்களையும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.